பசலி 1147

நகரியிலிருந்து பதினொரு கிலோமீட்டர்.
பஸ் தெலுங்கில் நிற்கும், தமிழில் புறப்படும்.
ஏரிக்குப் பெயர் மாமிடிமடுவு.
நான் சர்வேயர். சங்கிலியும் குடையும் என்னுடையவை,
வழக்கு அவர்களுடையது.

மதகு எங்கள் அம்மனுடையது என்றது மேட்டுத்தெரு.
மதகுக்கல்லில் பிறை இருக்கிறது,
தடவிப் பாருங்கள் என்றது தர்காத்தெரு.
தடவிப் பார்த்தேன்.
பாசி.

ஏரியில் இடுப்பளவு தண்ணீர்.
அதற்கு ராத்திரிக் காவல் இருபது பேர்,
இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து,
பீடிக்கு மட்டும் நெருப்பு மாற்றிக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள்
பழைய கர்ணம் வீட்டு மருமகள் கோதாபாய்
அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துவந்தாள்
ஒரு மூங்கில் குழலை.
கரையான் தின்றது போக
ஒன்றரை முழம் காகிதம்.

மேலே பார்சி. பக்கத்தில் மராட்டி.
நடுவில் தெலுங்கு, ஓரத்தில் நெருக்கியடித்துத் தமிழ்.
எல்லாவற்றுக்கும் அடியில்
எழுதத் தெரியாத யாரோ கீறிய
ஓர் ஏர்.

பார்சி படிக்க
விஷாரத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாள் ஹப்ஸா டீச்சர்.
வாந்தி எடுத்த முகம். ஒரு சோடா கேட்டாள்.
பிறகு படித்தாள்:

ஆற்காட்டுச் சர்க்கார் உத்தரவு.
மாமிடிமடுவுத் தண்ணீர் முதலில் கடைமடைக்கு.
அப்புறம் நடுவயல்.
அப்புறம் கோவில் மானியம், பக்கிரி மானியம்,
முறை வைத்து, ஒரு நாள் அது, ஒரு நாள் இது.
இரண்டு விளக்குக்கும் எண்ணெய் தரும் வாணியன் செக்குக்கு
வரி தள்ளுபடி.
மதகு திறக்கும் எங்கடிகனுக்கு
ஏரிக்கடியில் நிலம், வாரிசு உள்ளவரை.
சர்க்கார் மாந்தோப்புக்குத் தண்ணீர்
எல்லாருக்கும் பிறகு,
மீந்தால்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி படித்தாள்:
மீந்தால்.

பெத்தப்ப ரெட்டி எழுந்தார்.
"வரி கொடாதவன் முதுகில் கல்லேற்றி
வெயிலில் நிறுத்தினதும் அவங்கதானே?"
"நடந்திருக்கும்," என்றாள் டீச்சர்.
"அது இந்தக் காகிதத்தில் இல்லை.
மீந்தால் இருக்கிறது."

நான் மகஜர் எழுத உட்கார்ந்தேன்.
தாலுகா, ஃபிர்கா, வசூல், பாக்கி,
அசல், நகல், ரசீது...
என் பேனாவில் பாதி
அவர்கள் ஊற்றிய மை.
தேதிக்குப் பக்கத்தில் கை தானாகப் பசலி போட்டது.
இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறேன்,
ஒருநாளும் நின்று பார்த்ததில்லை:
அறுப்பு முடிந்து பிறக்கும் ஆண்டு அது.
கதிர் முற்றுமுன் கதவைத் தட்டாதே என்று
ஒரு ராஜாங்கம்
தன் வாய்க்குத் தானே மாட்டிய கடிவாளம்.
எப்போதும் மாட்டியிருந்ததா, தெரியாது.
மாட்டத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து
மண்வெட்டியோடு ஒருத்தி கேட்டாள்:
"கடைமடைன்னா எங்க கயனிதானே?"
சுப்பலு.
மூன்று நாளில் அவள் பெயரை
இரண்டு தெருவும் சொல்லவில்லை,
என் வரைபடத்தில் வெறும் 212/3.
"அப்போ ராத்திரியே தொறக்கலாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
எனக்கு அதிகாரம் இல்லை.
அதிகாரம் உள்ளவர் செத்து
இருநூற்றுச் சொச்சம் வருஷம்.
நான் மதகுக்கல்லைப் பார்த்தேன்.

திறந்தார்கள்.

விடியும்போது
தண்ணீர் அவள் வரப்புக்கு வந்து சேரவில்லை.
பாதிவழியில் யாரோ கரையை வெட்டியிருந்தார்கள்.
மேட்டுத்தெரு மண் போட்டது,
தர்காத்தெரு மிதித்தது,
கோதாபாய் வீட்டிலிருந்து ஒரு கோணி வந்தது.

வெட்டியது யாரென்று எனக்குத் தெரியும்.
மகஜரில் எழுதவில்லை.